தொழிற்கூடத்து வானிலை



நெய்வேலியில் வாழ்வோருக்கு வெயிலைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வைகாசித் திங்கள்களில் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், கரிய அடுக்கின்மேல் வெப்பம் அலை அலையாக எழுந்து ஆடுவது கண்ணுக்கே புலனாகும். அதே நாளில், அதே பொழுதில், நகரியத்துக்குள் புகுந்து, வேம்பும் புங்கும் கிளை கோத்து நிற்கும் ஒரு வட்டத்தின் வீதியில் நடந்து பாருங்கள். (எங்கள் ஊரில் குடியிருப்புப் பகுதி ஒவ்வொன்றையும் 'வட்டம்' என்றும், அதன் எண்ணைச் சொல்லியும் குறிப்பிடுவது வழக்கம்.) மேனி குளிர்ந்துவிடும். இரண்டு இடங்களுக்கும் இடையே சில கல் தொலைவுதான். மண் ஒன்று, கதிரவனும் ஒருவனே. இடையில் எவரோ மரம் நட்டிருக்கின்றனர், வேறுபாடு அவ்வளவே.

இன்று நான் பேசப் புகுவதும் ஒருவகை வானிலையைப் பற்றித்தான். மனிதர் கூடி வேலை செய்யும் எந்த இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்பவெப்பம் நிலவுகிறது. அதிலே சிலருடைய ஊக்கம் தழைக்கிறது. சிலருடைய ஊக்கம் வாடுகிறது. உளநூலார் இதற்கு 'ஊக்கச் சூழல்' என்று பெயரிட்டிருக்கின்றனர். பெயர் புதிது, பொருள் பழையது.

நாம் பொதுவாக ஊக்கத்தை மனிதனுடைய உடன்பிறந்த சொத்தாகக் கருதுகிறோம். "அவன் சுறுசுறுப்பானவன், இவன் சோம்பேறி" என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம். திருவள்ளுவர் அப்படி முடிக்கவில்லை என்பது என் எண்ணம். ஊக்கமுடைமை என்ற அதிகாரத்தை வகுத்த அவரே, அதற்கு முன்னதாகத் தெரிந்து வினையாடல் என்று வேறோர் அதிகாரத்தையும் வகுத்திருக்கிறார். அது வேலை செய்பவனை நோக்கிச் சொன்னதன்று; வேலையை ஒப்படைப்பவனை நோக்கிச் சொன்னது. இரண்டும் பொருட்பாலிலேயே இடம் பெற்றிருக்கின்றன. ஊக்கம் ஒருவனுடைய நெஞ்சில் மட்டும் இருப்பதாயின் வேலை கொடுப்பவனுக்கு அறிவுரை எதற்கு?

நான் நெய்வேலியிலே வளர்ந்தவன். என் தந்தையார் விருத்தாசலத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து மண்வெட்டும் கூலியாளாக இங்கே வந்தவர். அவர் வந்த காலத்து நெய்வேலியை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். 1935-ஆம் ஆண்டளவில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபொழுது, தண்ணீரோடு கரிய பொருளொன்றும் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறிந்தனர். இருபது ஆண்டுகள் ஆராய்ச்சியிலும் ஆலோசனையிலும் கழிந்தன. 1956 நவம்பர் 14-ஆம் நாள் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரி கண்ணுக்குத் தென்பட்டது. சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையத்தில் 50 மெகாவாட் ஆற்றலுடைய முதல் இயந்திரம் 1962-இல் ஓடத் தொடங்கியது. சுற்றுப்புறச் சிற்றூர்கள் பல தம் நிலங்களைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்தன என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

பழுப்பு நிலக்கரி எடுப்பது எளிய காரியமன்று. ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அதற்கென ஜெர்மனியிலிருந்து பிரும்மாண்டமான சக்கரப் பொறிகள் வந்தன. ராட்டினம் போன்ற ஒரு பெரிய சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணை வாரிப் பெல்ட்டின்மீது கொட்டும். பின்னாளில் வந்த பொறிகளில் ஒரு வாளி 700 லிட்டர், 1,400 லிட்டர் கொள்ளளவுகூட உடையது. ஆனால் அப்பொறிகள் தம் தாயகத்தின் மென்மையான மண்ணில் பழகியவை. இங்கோ, கடலூர் மணற்பாறை என்று நிலநூலார் கூறும் கடினமான அடுக்கு எதிர்ப்பட்டது. வாளிகளின் பற்கள் தேய்ந்தன, முறிந்தன. பாறையை முதலில் துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்த வேண்டும், அதன் பிறகே பொறியை அதன்மேல் விட வேண்டும் என்பது பட்டறிந்து கற்ற பாடம்.

மேலே இப்படி என்றால் கீழே வேறொரு சங்கடம். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. துளைக்கிணறுகளின் வழியே அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். இறைப்பு இரவென்றும் பகலென்றும் பாராமல் நடந்தாக வேண்டும். தீபாவளி என்றோ பொங்கல் என்றோ அதற்கு விடுமுறை கிடையாது. அந்த நீர் வயல்களுக்கும் பாய்கிறது என்பது ஓர் ஆறுதல்.

இவற்றையெல்லாம் நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. என் தந்தையாரிடம் ஒருநாள், "அப்பா, அந்தத் தொடக்க நாட்களைப் பற்றிப் பேசும்பொழுது மட்டும் உங்கள் முகம் ஏன் இப்படி மலர்ந்துவிடுகிறது? அப்பொழுது கூலியும் குறைவு, வீடும் கீற்றுக் கொட்டகைதானே?" என்று கேட்டேன்.

"தம்பி, அப்பொழுது அந்தப் பொறி எனக்கும் புதிது, மேஸ்திரிக்கும் புதிது, என்ஜினீயருக்கும் புதிது. பல் முறிந்தால் எல்லோரும் கூடி நின்று பார்ப்போம். 'ஏன் முறிந்தது?' என்றுதான் கேட்பார்களே ஒழிய, 'யார் முறித்தது?' என்று கேட்கமாட்டார்கள்" என்றார்.

என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். உளநூல் என்று ஒன்று இருப்பதை அவர் அறியார். எனினும் அவ்விரண்டு வினாக்களுக்குள் இன்றைய பேச்சின் பொருள் முழுவதையும் அடக்கிவிட்டார்.

நிற்க. உளநூலார் கூறுவது யாதெனப் பார்ப்போம். ஜான் நிக்கல்ஸ் என்ற அறிஞர் 1980-களில் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். ஒருவன் தான் வெற்றி பெற்றுவிட்டதாக எப்பொழுது உணர்கிறான்? சிலருக்குப் பிறரை முந்தினால்தான் வெற்றி. வேறு சிலருக்கு நேற்று வராதது இன்று கைவந்தாலே வெற்றி. கரோல் ஏம்ஸ் என்ற அம்மையார் இக்கருத்தை வகுப்பறைக்குள் கொண்டு சென்றார். ஆசிரியர் எதைப் பாராட்டுகிறார், தவறுகளை எப்படி நடத்துகிறார், மதிப்பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறாரா என்பன போன்ற சிறு சிறு வழக்கங்களே ஒரு வகுப்பின் தட்பவெப்பத்தை ஆக்குகின்றன என்று 1992-இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கினார். ஒரே மாணவன் ஒரு வகுப்பில் வினாக்கள் கேட்பவனாகவும், அடுத்த வகுப்பில் வாய் திறவாதவனாகவும் இருப்பதன் காரணம் இப்பொழுது உங்களுக்குப் புரியும்.

தொழிலகங்களுக்கு இதனைப் பொருத்தி அளந்தவர்கள் நார்வே நாட்டினர். கிறிஸ்டினா நெர்ஸ்டாட் என்ற அம்மையாரும் அவருடைய துணைவர்களும் 2013-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டனர். கற்றலையும் ஒத்துழைப்பையும் போற்றும் சூழல் ஒன்று; யார் முதல்வர், யார் கடையர் என்ற ஒப்பீட்டையே போற்றும் சூழல் மற்றொன்று. முன்னதில் வேலை செய்வோரிடம் ஈடுபாடு மிகுந்திருந்தது. பின்னதில், வேலையை விட்டுப் போய்விடலாமா என்ற எண்ணம் மிகுந்திருந்தது.

ஈடுபாடு என்றேன். நம் மொழியில் இது பெரும்பாலும் இறைவனிடத்தும் இசையினிடத்தும் வழங்கி வந்த சொல். உளநூலார் அதனுள் மூன்று கூறுகளைக் காண்கின்றனர்: தளராத தெம்பு, இது என் வேலை என்ற பற்று, நேரம் போவதறியாமல் ஒன்றிவிடுதல். இம்மூன்றும் கூலியைக் கொடுத்துக் கடையில் வாங்கக்கூடிய சரக்கல்ல.

'போட்டி இல்லாமல் முன்னேற்றம் ஏது?' என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு விடையாகச் சுரங்கத் தொழிலிலிருந்தே ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1935 ஆகஸ்ட் 31-ஆம் நாள், சோவியத் நாட்டின் டோன்பாஸ் பகுதியில், அலெக்சி ஸ்டகானோவ் என்ற தொழிலாளி ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். அன்றைய அளவு 7 டன். உலகெங்கும் அவருடைய புகழ் பரவியது. அமெரிக்க நாட்டு 'டைம்' பத்திரிகையின் அட்டையிலும் அவருடைய படம் வெளிவந்தது. ஆனால் அன்றிரவு அவர் தனியாக வேலை செய்யவில்லை. அவர் வெட்டிக்கொண்டே முன்செல்ல, பின்னால் இருவர் மரத்தூண் நட்டுக் கூரையைத் தாங்கிக்கொண்டே வந்தனர். வேலையைப் பிரித்துக்கொண்ட அந்த ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அதிலிருந்து எல்லோரும் கற்றிருக்கலாம். கற்பதற்குப் பதிலாக உலகம் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டது. தூண் நட்டவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 1936-இல் பல தொழில்களில் எல்லோருக்கும் உரிய அளவே உயர்த்தப்பட்டது. சாதனை வீரர்களை உடன் தொழிலாளரே வெறுத்ததும், சில இடங்களில் தாக்கியதும் வரலாறு.

இங்கிலாந்தில் நடந்தது இதனினும் நுட்பமானது. அங்கே சுரங்கங்கள் 1947-இல் அரசுடைமையாயின. புதிய பொறிகள் வந்தன; எனினும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. எரிக் டிரிஸ்ட் என்ற அறிஞரும், முன்பு தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த் என்பவரும் இதனை ஆராய்ந்து 1951-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்னாளில் சிறு குழுவினர் தாமே வெட்டி, தாமே அள்ளி, தாமே கூரையைத் தாங்கினர். புதிய முறையில் ஒரு ஷிப்டு வெட்டுவதற்கு, ஒரு ஷிப்டு அள்ளுவதற்கு, ஒரு ஷிப்டு முன்னேற்பாடுகளுக்கு என்று வேலை துண்டு துண்டாயிற்று. தத்தம் கணக்கை மட்டும் முடித்துவிட்டு, கோணலான வேலையை அடுத்த ஷிப்டின் தலையில் விட்டுச் செல்வது வழக்கமாயிற்று. நிலத்துக்கு அடியில், இருட்டில், ஒருவர் விட்டுச் சென்ற கோணல் மற்றொருவரின் உயிர்! பின்னர் டர்ஹாம் பகுதியில் சில குழுவினர், மூன்று ஷிப்டுக்கும் ஒரே ஊதியச் சீட்டு என்று தமக்குள் பேசி, எல்லா வேலைகளையும் எல்லோரும் மாறி மாறிச் செய்யலாயினர். பொறி அதே பொறி. கரியும் அதே கரி. வேலைக்கு வராதோர் தொகை குறைந்தது, உற்பத்தி பெருகியது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது என்பதை நம் மாணவருள் மிகச் சிலரே அறிவர். 1953-இல் ஆமதாபாத்தின் காலிகோ ஆலையில் ஏ. கே. ரைஸ் என்ற ஆங்கில அறிஞர் பணியாற்றினார். அங்கே தானியங்கித் தறிகள் 224 இருந்தன. ஆட்கள் 29 பேர். அவர்களுக்குள் பன்னிரண்டு வகை வேலைகள். யாருக்கு எத்தனை தறி பொறுப்பு என்பது வேலைக்கு வேலை மாறுபட்டதால், எவரும் எவருடனும் சேர்ந்து வேலை செய்ய இயலாத நிலை. குறிப்பிட்ட தறிகளுக்குக் குறிப்பிட்ட குழுவினர் பொறுப்பேற்கலாமே என்ற கருத்தை ரைஸ் முன்வைத்தார். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அக்கருத்தைப் பிடித்துக்கொண்டு, குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். நாளடைவில் உற்பத்தித் திறன் உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. ஏட்டில் திட்டம் வரைந்தவர் வெளிநாட்டவர். அதற்கு உயிர் கொடுத்தவர்கள் நெசவாளிகள்.

இனி, என் சொந்த வாழ்விலிருந்து ஒன்று. இதைச் சொல்வதற்கு எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

நெய்வேலிக்கு வேலைக்கு வருமுன் வேறோர் ஊரிலே, வேறொரு தொழிற்சாலையில், மூன்றாண்டுகள் இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை. அதன் வாயிலில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு ஷிப்டும் எத்தனை டன் அனுப்பியது, எத்தனை நிமிடம் இயந்திரத்தை நிறுத்தியது என்று அதில் எழுதிவைப்பார்கள். மாதக் கடைசியில் முதலாவது வந்த ஷிப்டுக்குப் பரிசு. கடைசியில் வந்த ஷிப்டின் போர்மன் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். எனக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. அந்தப் பலகையைப் பார்க்கும்பொழுதெல்லாம் என் நெஞ்சு படபடக்கும். அதையே நான் ஊக்கம் என்று எண்ணியிருந்தேன்.

ஒரு மாதத்தின் கடைசி இரவு. எங்கள் ஷிப்டு முதலிடத்தில் இருந்தது. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். பெல்ட்டை இழுக்கும் உருளையின் பேரிங் கூட்டின்மேல் வழக்கம்போல் கையை வைத்தேன், சுட்டது. வைத்த கையை வைத்திருக்க முடியவில்லை. நிறுத்திப் பார்ப்பதென்றால் நாற்பது நிமிடமாவது ஆகும். போர்மனிடம் சென்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணிதானே தம்பி, ஓடட்டும்" என்றார். அவரும் கெட்டவர் அல்லர்; சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் அவர்தான். ஷிப்டு முடிந்ததும் லாக் புத்தகத்தில் நான் என் கையாலேயே 'யாவும் சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

காலை ஷிப்டில் பேரிங் இறுகித் தண்டு முறிந்தது. சரிசெய்யச் சென்ற பிட்டர், என்னோடு ஒரே விடுதியில் தங்கியிருந்தவர். பலகைக்கு அஞ்சி அவசரம் அவசரமாக வேலை செய்தபொழுது, அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாதம் முதலிடம் எங்களுக்கே. பரிசாக ஓர் எவர்சில்வர் கூஜா கொடுத்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அவருடைய முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து, நடந்ததை நடந்தபடியே எழுதினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது. எழுத்துக்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. "பேரிங் ஒரே மணியில் இறுகாது என்பது பிட்டருக்குத் தெரியாதா? அன்றைக்கே தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்" என்று எழுதியிருந்தார். வேறு ஒன்றும் இல்லை. கீழே என் குடும்ப நலம் விசாரித்திருந்தார்.

அக்கடிதத்தை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. என் பொய் என் பொய்தான். ஆயினும் அந்தத் தொழிற்சாலையில் நல்லவர்கள் அனைவரையும் பொய் எழுத வைத்த ஏதோ ஒன்று காற்றிலேயே இருந்தது என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

நெய்வேலிக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கு ஏற்பட்ட திகைப்பை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் பொறுப்பை ஒப்படைத்த மூத்த ஆபரேட்டர் ஒருவர் லாக் புத்தகத்தைத் திறந்து காட்டினார். 'இரண்டாவது பெல்ட்டை நான் சற்று முன்னதாக ஓட்டிவிட்டேன், சரிவில் மண் சிந்தியது, என் தவறு, பார்த்துக்கொள்ளவும்' என்று அவரே எழுதியிருந்தார். "அண்ணே, இப்படி எழுதினால் உங்களுக்குக் கெடுதல் இல்லையா?" என்று கேட்டேன். "எழுதாவிட்டால் அந்த மண்ணில் வழுக்கி விழப்போவது நீங்கள்தானே தம்பி" என்றார். அவருடைய மேலதிகாரி மறுநாள் அதைப் படித்தார். சிந்திய மண்ணை அள்ளச் சொன்னார். பெல்ட்டுகளை எந்த வரிசையில் தொடங்குவது என்று எங்கள் அனைவரையும் நிற்க வைத்து விளக்கினார். ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. அன்று நான் கற்றதை இன்றும் மறக்கவில்லை. ஒரு பிழை மேலே சென்றதும் அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முறை பார்த்தால் போதும். அடுத்த பிழை எழுதப்படுமா மறைக்கப்படுமா என்பது அப்பொழுதே தீர்மானமாகிவிடுகிறது.

மறைப்பதைப் பற்றி ஆராய்ச்சியும் உண்டு. 2014-இல் ஸ்லோவேனியா, நார்வே நாடுகளின் அறிஞர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வு அது. தனக்குத் தெரிந்ததை உடன் வேலை செய்பவருக்குச் சொல்லாமல் ஒளிப்பவன், கடைசியில் தன் புதுமைத் திறனையே இழக்கிறான்; ஏனெனில் மற்றவர்களும் அவனிடம் ஒளிக்கத் தொடங்குகின்றனர். கற்றலைப் போற்றும் சூழலில் இத்தீங்கு தணிகிறது. நம் ஊர்களில் தொழில் நுணுக்கத்தைச் சாகும்வரை சொல்லாமல் வைத்திருந்த வைத்தியரையும் தச்சரையும் பற்றிய கதைகள் எத்தனை!

ஆனால் சூழல் என்பது மேலாளரின் இன்சொல்லால் மட்டும் அமைந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் என் ஊரை மிகவும் நேசிப்பவன்; ஆதலால் இதையும் சொல்ல வேண்டும். நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளரோடு ஒப்பந்தத் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்து வந்திருக்கின்றனர். பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கோரி அவர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கின்றனர். அருகருகே நின்று உழைக்கும் இருவருள், ஒருவருக்கு வட்டத்தில் வீடும், மற்றவருக்கு நாளைய வேலையே ஐயமும் என்றால், பின்னவரிடம் சென்று 'கற்றலில் இன்பம் காணுங்கள்' என்று சொல்ல எனக்கு நா எழாது. நாளை வேலை உண்டா என்று அஞ்சுபவர் பேரிங் சுடுகிறது என்று எப்படித் துணிந்து சொல்வார்? 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துக்களில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர்; ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். அவற்றின் காரணங்களை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. அந்த வாரங்களில் எங்கள் வீதிகள் எப்படி இருந்தன என்பதை மட்டும் அறிவேன். பெருந்தொற்றுக் காலம், துக்கம் விசாரிக்கவும் கூட்டமாகச் செல்ல முடியவில்லை. வாயிலில் நின்றபடி தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தோம்.

என் தந்தையார் பார்த்து வியந்த முதல் அனல்மின் நிலையமும் அதே 2020-இல் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள். நிறுவனத்தின் பெயரும் 2016-இல் மாறியது. பொறிகள் மாறுகின்றன, பெயர்கள் மாறுகின்றன. ஷிப்டு மாறும் நேரத்தில் ஒருவர் மற்றொருவரிடம் நோட்டைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் அந்த ஒரு நிமிடம் மட்டும் எந்தத் தொழிலிலும் மாறுவதாகத் தெரியவில்லை. ஒரு தொழிற்கூடத்தின் வானிலையை அறிய விரும்பினால், அந்த ஒரு நிமிடம் அங்கே நின்று கேளுங்கள். நீங்கள் படித்து முடித்து வேலைக்குச் செல்லும் முதல் நாளில் இதைச் செய்து பார்க்கலாம்.

இந்தப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தபொழுது என் பேரன் பள்ளியிலிருந்து வந்தான். கணக்குத் தேர்வுத் தாள் கொடுத்திருக்கிறார்கள் என்றான். வழக்கமாக நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வகுப்பில் எத்தனையாவது என்பது. பழக்கத்தினால் அது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எந்தக் கணக்கு வரவில்லை?" என்று கேட்டேன். அவன் என்னை ஐயத்தோடு பார்த்தான். 'தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையோ?' என்று எண்ணியிருக்க வேண்டும். பிறகு பையைத் திறந்து, நாலாக மடித்துப் புத்தகத்துக்கு அடியில் செருகி வைத்திருந்த தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தான். ஏழாவது கணக்கு. வழி சரியாகவே இருந்தது; நடுவில் ஒரு கழித்தலில்தான் கை தவறியிருந்தது.